சும்மா வந்தவள்

வேப்பம்பட்டு
14-7-1968

அன்புள்ள அக்காவுக்கு,

வடிவு எழுதிக்கொண்டது. நான் இங்கே நல்ல சுகம். நீயும் அத்தானும் அத்தையும் சுகந்தானே? அத்தையின் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலம் கேட்கிறதா என்று எழுது.

இந்த ஊருக்கு மாற்றலாகி ஏழு மாதம் ஆகிறது. ஊர் எப்படி, மனுஷர்கள் எப்படி என்று நீ மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். நானும் "நன்றாக இருக்கிறது" என்று ஒரே வரியில் ஏமாற்றிக்கொண்டே வந்தேன். இன்று ஞாயிறு. வலி என்று யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

தாய் சேய் நல நிலையம் என்று பெயர்தான் பெரிது. முன்னால் ஓர் அறை, அதில் ஒரு பிரசவ மேஜை, ஒரு மருந்து அலமாரி. பின்னால் என் குடித்தனம். மரியாதைக்குக் குறைவே இல்லை. தலைப்பாகை கட்டிய பெரியவர்கள்கூட என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். ஆனால் ஒரு விசித்திரம். நான் தெருவில் நடந்தால் பெண்கள் மறைந்துவிடுகிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கத்திப் பிள்ளை பெற்றவள், பத்து நாள் கழித்துக் கடையில் என்னைப் பார்த்தால் பருப்பு மூட்டையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று கண்ணாடி பார்த்தேன். பழைய முகம்தான் இருந்தது.

போன வாரம் காரணம் பிடிபட்டது. நல்ல மழை. மளிகைக் கடைக் கஜபதி வீட்டு வாசலில் கால் மணி நேரம் ஒதுங்கி நின்றேன். மறுநாள் காலையில் அவர் மனைவி வந்து கண்ணீர் விடுகிறாள். "உங்கள கும்ட்டு கேக்கறேம்மா, இனிமே எங்க ஊட்டாண்ட நிக்காதீங்க. பொண்ணு பாக்க வர்ற நேரம்!"

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆயா முனியம்மாவைக் கேட்டேன். நிலையத்தைப் பெருக்குவது, வெந்நீர் போடுவது, எனக்கு ஊர்வம்பு ஓதுவது எல்லாம் அவள்தான். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாம்மா நீ, இத்தினி படிச்சிகினு இது தெரில? நீ ஒரு ஊட்டு படிய மிதிச்சா, ஒண்ணு அங்க எவளோ முழுவாம கீறா. இல்லாங்காட்டி இனிமே புள்ள வாணாம்னு லூப்பு வெச்சிக்கப் போறா. வயசுப் பொண்ணு கீற ஊட்ல நீ நின்னா ஊரு இன்னான்னு நெனைக்கும்?"

"மழைக்குத்தானே நின்னேன்?"

"மழைக்கு வேற ஊடா இல்ல?"

நிஜமா என்று பார்த்துவிட ஆசை வந்தது. என்னைத் தெரியாதா உனக்கு? ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பரந்தாமன் என்பவர், அறுபது வயதுக்காரர், ஒண்டிக்கட்டை. அவர் வீட்டு வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் இரண்டு நிமிஷம் நின்றேன். சாயங்காலத்துக்குள் முனியம்மா ஓடி வந்தாள். "பரந்தாமன் ஊட்ல யாரும்மா அது? ஊரே கேக்குது!" பாவம், அந்த மனுஷனைப் பார்த்தால் இப்போது எனக்குத்தான் மறையத் தோன்றுகிறது.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் ஏழு மாதத்தில் நாற்பத்திரண்டு பிரசவம் பார்த்தவள், ஒரு வீட்டிலாவது சும்மா உட்கார்ந்து ஒரு தம்ளர் காபி குடித்ததில்லை. முனியம்மாவும் ஐந்து மணிக்குப் போய்விட்டால் அப்புறம் என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் பாட வேண்டியதுதான்.

தீபாவளிக்கு நாலு நாள் லீவு கேட்டால் கிடைக்கும். வரட்டுமா? எழுது.

உன் பிரியமுள்ள தங்கை,
வடிவு


கோவில்பட்டி
2-8-1968

அன்புள்ள வடிவுக்கு,

அக்கா ஆவுடை ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் சுகம். தைலம் நன்றாகக் கேட்கிறது. அதன் வாடைதான் வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அத்தானுக்கு ஆபீஸில் வேலை அதிகம். வீட்டுக்கு வந்தாலும் தீப்பெட்டிக் கணக்கையே வாய்க்குள் முனகுகிறார்.

பரந்தாமன் சங்கதியை அடுப்படியில் தனியாக நின்று படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நர்ஸ் ஒரு வாசலில் நின்றால் ஊர் என்ன பேசும் என்று உனக்கு இப்போதுதான் தெரிகிறதாக்கும்! 

சாயங்காலம் என்ன செய்கிறாய்? யாரிடம் பேசுகிறாய்? தலைவலி, காய்ச்சல் என்று படுத்தால் உனக்கு யார் கஞ்சி வைப்பார்கள்? இதெல்லாம் ஒன்றும் நீ எழுதவில்லை. நான் ஒன்று சொல்கிறேன். உன் எல்லைக்குள் இருக்கிற வீடுகளை நம்பாதே. ரயில் இருக்கிறதே, இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போ. உன்னைத் தெரியாத இடத்தில் ஒரு வீடு கிடைக்காமலா போகும்?

அத்தை கூப்பிடுகிறார்கள். நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஆவுடையம்மாள்


வேப்பம்பட்டு
6-10-1968

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் எல்லோர் சுகமும் அறிய ஆவல். தீபாவளிக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. மறந்திருப்பாய். போகட்டும், இந்த வருஷம் எனக்கு இங்கேயே தீபாவளி உண்டு. நீ சொன்னபடி வீடு கிடைத்துவிட்டது!

போன மாதம் மருந்து வாங்க என் நர்ஸ் வெள்ளைப் புடவையோடு ஆவடிக்குப் போனேன். வண்டியில் பால் கேனும் பூக்கூடையுமாக நெரிசல். பக்கத்தில் ஒரு அம்மாளிடம், "செத்த நகந்துக்கிடுங்க" என்றேன். எதிரே இருந்த பெண் சடாரென்று நிமிர்ந்தாள். "யக்கா, நீங்க எந்தூரு? கோவில்பட்டிப் பக்கமா? நான் சாத்தூருக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் கஸ்தூரி. வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். வீட்டுக்காரர் சண்முகசுந்தரம், ஆவடி டாங்கி பாக்டரியில் கடைசல் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார்கள். திருவள்ளூர்க் கோவிலுக்குப் போய்விட்டு வருகிறாளாம்.

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சாப்பிட்டீகளா?" நான் மாத்திரை தரும்போது மற்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பேன். என்னை அப்படி ஒருவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! கோவில் புளியோதரையைப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். ஆவடி வந்ததும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். காலையில் நிலையத்து வேலையை முடித்துவிட்டு அந்த வெள்ளைப் புடவையோடேயே வண்டி ஏறுவேன். இறங்கும்போது அது கரிப்புடவை ஆகியிருக்கும். தாயம் ஆடுவோம். அழுகுணி ஆட்டம் அவளுக்குக் கைவந்த கலை. ரேடியோ கேட்போம். அவர் ஷிப்டு முடிந்து வந்தால் "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு நாளாவது என்னிடம் உடம்பைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உனக்கு ஒரு நாள் அவளைக் காட்ட வேண்டும்.

உன் தங்கை,
வடிவு


கோவில்பட்டி
25-10-1968

அன்புள்ள வடிவுக்கு,

ஆசீர்வாதம். தீபாவளி நல்லபடியாக ஆயிற்று. அதிரசம் பார்சலில் அனுப்பினேன், நொறுங்காமல் வந்ததா?

உனக்கு ஒரு வீடு கிடைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. கஸ்தூரியைப் பற்றி இன்னும் எழுது. கறுப்பா சிவப்பா? கல்யாணமாகி எத்தனை வருஷம்? குழந்தைகள் எத்தனை? அதை நீ எழுதவில்லையே. மாமியார் கூட இருக்கிறாளா?

உன் அக்கா,
ஆவுடையம்மாள்


வேப்பம்பட்டு
12-1-1969

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். தை மாதக் குளிரில் அத்தையை வெறும் தரையில் படுக்க விடாதே.

நீ கேட்டதற்குப் பதில்: மாநிறம். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. மாமியார் சாத்தூரில். இப்போது அந்தக் குழந்தை விஷயத்தில்தான் ஒரு கூத்து நடந்திருக்கிறது. கேள்.

குவார்ட்டர்ஸில் எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். போன ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். குழாயடியில் என்னைக் கண்டதும் எல்லோரும் சிரித்துக்கொண்டு வழி விட்டார்கள். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள், இந்தப் பக்கத்து ஆள்தான், நல்ல குரல்வளம், என்னிடம் வந்தாள்.

"வாம்மா. கஸ்தூரிக்கு இப்ப எத்தினி மாசம்?"

"யாருக்கு?" என்றேன்.

"த பார்றா, ஒண்ணுந் தெரியாத மாரி! நாலு மாசமா நீ வந்துகினு போயிகினு கீற, நாங்க பாத்துகினு தானே கீறோம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நான் சும்மாதான் வர்றேன்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "நர்சு வாயத் தொறக்க மாட்டா. அதான் நல்ல நர்சுக்கு அழகு!" என்று வேம்புலியம்மாள் எனக்கு நற்சான்றும் கொடுத்துவிட்டாள். பார்த்தாயா? நான் ஆமாம் என்றால் அது உண்மை. இல்லை என்றால் அது ரகசியம். எப்படியும் கஸ்தூரி கர்ப்பிணி!

சிரித்துக்கொண்டே உள்ளே போய் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தரையில் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு கூடை நெல்லிக்காயும் இருந்தன. அக்கம்பக்கத்தார் கொடுத்தவை.

"நான் சொல்லலக்கா," என்றாள். "அவுகளாத்தான் சொன்னாக. நான் இல்லைன்னு சொல்லல. அம்புட்டுத்தான்."

"எத்தனை நாளா?"

"கார்த்திகையில இருந்து. ஆறு வருசமாக் கொழாயடியில என் குடம் கடைசி. பச்சப்புள்ளக்காரிக்கு அவசரம், மாசமா இருக்கிறவளுக்கு அவசரம், உனக்கு என்ன அவசரம்னு தள்ளித் தள்ளி வெப்பாக. இப்ப நான் போனா, நீ ஏன்மா தூக்குறன்னு அவுகளே நெறச்சுக் கொண்டாந்து வெக்கிறாக. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமேன்னு இருந்துட்டேன்." 

"உன் வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரியும். அவரும் சும்மா இருக்காரு."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. ஆனால் வண்டியில் திரும்பும்போது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்து போகவில்லை. அன்றைக்கு வண்டியில் என் கையைப் பிடித்தாளே, அது என் பேச்சைக் கேட்டா, என் புடவையைப் பார்த்தா? நான் வேண்டுமா அவளுக்கு, நர்ஸ் வேண்டுமா? நீ என்ன நினைக்கிறாய்? உனக்கு மனுஷர்களைத் தெரியும், எனக்கு வயிறுகளைத்தான் தெரியும்.

பதில் சீக்கிரம் எழுது.

உன் தங்கை,
வடிவு


வேப்பம்பட்டு
16-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பொங்கல் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஐந்து வாரம் ஆகிறது. யாருக்காவது உடம்பு சரியில்லையா? அல்லது என் மேல் கோபமா? என்ன எழுதிவிட்டேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

விஷயம் முற்றிவிட்டது. சாத்தூர்க்காரர் ஒருவர் பாக்டரியில் வேலை செய்கிறார். அவர் வழியாகச் சேதி மாமியாருக்குப் போய்விட்டது. சித்திரை பிறந்ததும் மருமகளைப் பார்க்க வருகிறாளாம். வளையலுக்கும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

இன்று கஸ்தூரி கதவைச் சாத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "யக்கா, கலைஞ்சிருச்சுன்னு வேம்புலியக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாக. யாருக்கும் நட்டமில்ல."

அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன் அக்கா. சொல்வதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொள்வேன். கேட்டவர்களுடைய முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைப் பொய்யாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடியாது என்றால் கஸ்தூரி என்னை மறுபடி வாவென்று கூப்பிடுவாளா? இந்த ஒரு வீட்டை விட்டால் எனக்குப் போக வேறு வீடு கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நீயாவது சொல். நான் என்ன செய்ய?

வடிவு


கோவில்பட்டி
5-3-1969

வடிவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். கோபம் ஒன்றும் இல்லை. அத்தைக்கு இருமல், அதனால் எழுதக் கை ஒழியவில்லை. நீ எதுவும் சொல்லிவிடாதே. என் கடிதம் வரும் வரைக்கும் பொறு. கார்டில் எழுத முடியாது.

ஆவுடை


கோவில்பட்டி
24-3-1969

அன்புள்ள வடிவுக்கு,

அக்கா எழுதுகிறேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு. அத்தான் ஆபீஸுக்குப் போய்விட்டார், அத்தை கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு முறை எழுதி அடுப்பில் போட்டுவிட்டேன்.

1961 வைகாசியில் நீ மதுரையில் படிப்பை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் பத்து நாள் வந்து தங்கினாய். நினைவிருக்கிறதா? எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருஷம். நீ புது வெள்ளைப் புடவையை எனக்குக் காட்ட வேண்டும் என்று உடுத்திக்கொண்டே வந்து இறங்கினாய். தெருவே பார்த்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரி அத்தையிடம், "நர்ஸுக்குப் படிச்ச தங்கச்சி பத்து நாள் வந்து தங்குதுன்னா சும்மாவா இருக்கும்?" என்றாள். அத்தை என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் கிணற்றடியில் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, "நீ உக்காரு ஆவுடை" என்றார்கள். நாலு வருஷத்தில் அன்றுதான் அவர்கள் வாயில் என் பெயர் வந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன் வடிவு. நானும் இல்லை என்று சொல்லவில்லை.

நீ ஊருக்குப் போன பிறகு இரண்டு மாதம் இழுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மூன்று நாள் படுத்துக்கொண்டு, போய்விட்டது என்று சொன்னேன். அத்தானும் நம்பினார். இன்று வரைக்கும் நம்புகிறார்.

யாருக்கும் நட்டமில்லை என்கிறாளே உன் கஸ்தூரி, அவளுக்கு நான் கணக்குச் சொல்கிறேன். எட்டு வருஷமாகக் கஷாயம் குடிக்கிறேன். யார் வீட்டுக்கு வந்தாலும் அத்தை, "ஒண்ணு தங்கிச்சு, தக்கல" என்று சொல்லி என்னைக் காட்டுகிறார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் அதற்காக விளக்குப் போடுகிறார்கள். அத்தான் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். இல்லாத பிள்ளைக்கு அவர் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நான் சோறு வடிக்கிறேன். சில வருஷம் எனக்கே நிஜமாக அழுகை வந்துவிடுகிறது, எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல்.

இன்னொன்று. அதற்குப் பிறகு உன்னை ஒரு தடவையாவது வா என்று எழுதியிருக்கிறேனா? யோசித்துப் பார். நீ லீவுக்கு வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் வேறு எதையாவது எழுதிவிடுவேன். நீ வந்தால் யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள், நீ முழிப்பாய், என் பொய் உடையும். அந்தப் பயத்தில் உடன்பிறந்தவளையே எட்டு வருஷமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தப் பத்து நாளும் நீ நர்ஸாக வரவில்லை, என் தங்கையாக வந்தாய். அதை நான்தான் கெடுத்தேன்.

நீ கேட்டாயே, அவளுக்கு நான் வேண்டுமா, நர்ஸ் வேண்டுமா என்று. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும். அவளை வெறுக்காதே. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லாதே. உண்மையைச் சொல்கிற நாளில் அவள் பக்கத்தில் போய் நில். எனக்கு அப்படி நிற்க ஆள் இல்லை.

உன் அக்கா


வேப்பம்பட்டு
13-4-1969

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன்னால் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தே ஒருத்திக்கு ரத்தம் போதுமா என்று சொல்கிற நான், பத்து நாள் உன் பக்கத்தில் படுத்திருந்தேன். உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நீ இவ்வளவையும் தனியாகச் சுமந்திருக்கிறாய். என்னை மன்னித்துக்கொள்.

கஸ்தூரியிடம் உன் பெயரைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தி என்று சொன்னேன். ஆடி மாதத்து விளக்கைச் சொன்னபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் நேராகவே கேட்டேன், "கஸ்தூரி, வண்டியில என் கையைப் பிடிச்சியே, புடவையைப் பார்த்தா?"

"பேச்சக் கேட்டுத்தான் பிடிச்சேன்," என்று உள்ளேயிருந்து சொன்னாள். "வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது புடவையப் பாத்து. உங்களக் கூட்டியாந்தா தெரு பாக்கும்னு தோணுச்சு. ரெண்டு மூணு வாரத்துல அது மறந்தே போச்சுக்கா. அவுக கேட்டப்பதான் திரும்ப நெனப்பு வந்துச்சு." வலித்தது. ஆனாலும் பொய் சொல்லாமல் சொன்னாளே என்று இருந்தது.

போன ஞாயிறு விடியற்காலை வண்டிக்கே போனேன். குழாயடிக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு குடத்தோடு போய்க் கடைசியில் நின்றோம்.

"இன்னா கஸ்தூரி, பின்னால போய் நின்னுகினு? முன்னால வா," என்றாள் வேம்புலியம்மாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எப்பவும் இருந்ததில்ல. நீங்க கேட்டப்ப நான் இல்லைன்னு சொல்லல, அது என் தப்பு."

வேம்புலியம்மாள் என்னைப் பார்த்தாள். "அப்ப இந்த நர்சு?"

"அவுக என் சிநேகிதி. சும்மா வாராக."

"சும்மாவா? நர்சு இன்னாத்துக்கு சும்மா வருவா? அஞ்சு மாசமா உனுக்குத் தண்ணி சொமந்தனே, என் இடுப்பு இன்னாத்துக்கு ஆவறது?" என்று ஆரம்பித்தாள் பார், பாக்டரிச் சங்கு ஊதியதுகூடக் காதில் விழவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து வைதார்கள். எனக்கும் பங்கு உண்டு. எங்கள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. காலிக் குடங்களோடு திரும்பினோம். கஸ்தூரி வீட்டுக்குள் வந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், அவளுக்காகக் கொஞ்சம், உனக்காகக் கொஞ்சம்.

சண்முகசுந்தரம் அம்மாவுக்கு எழுதிப் போட்டுவிட்டார். மாமியார் இனி வர மாட்டாள் போலிருக்கிறது. பதிலும் போடவில்லையாம்.

நீ எப்படி இருக்கிறாய்? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

வடிவு


வேப்பம்பட்டு
22-6-1969

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இந்தத் தடவை ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. எழுதத் தோன்றும்போது எழுது. நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

குவார்ட்டர்ஸில் ஒரு மாதம் கஸ்தூரியோடு யாரும் பேசவில்லை. நான் போகும்போதெல்லாம் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். இப்போது வேம்புலியம்மாள் மட்டும் திட்டுவதற்காகப் பேச ஆரம்பித்திருக்கிறாள். அது நல்ல அறிகுறி என்கிறாள் கஸ்தூரி.

நான் எழுத வந்தது அது இல்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். செவ்வாய் என்றால் இங்கே கர்ப்பிணிகள் வருகிற நாள். பதினெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் கஸ்தூரி வருகிறாள், ஒரு தூக்குச்சட்டியோடு, ஒண்டியாக. இன்று என்ன நாள் என்பதே அவளுக்குத் தெரியாது. நேரே வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்!

முனியம்மா சீட்டு எழுத அவளிடம் போனாள். "எத்தினி மாசம்?"

"மாசமெல்லாம் இல்லம்மா."

"அப்போ லூப்பா?"

"இல்ல."

"உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. வடிவக்காவப் பாக்க வந்தேன். அவுகளுக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா பிடிக்கும்."

முனியம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள். நான் ஒருத்தியின் கையில் ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டேன். இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷத்தில், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் என்னைப் பார்க்க வந்த முதல் ஆள் அக்கா.

எல்லோரும் போன பிறகு பின்னால் என் அறையில் சாப்பிட்டோம். முனியம்மாவும் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவளை நானும் ஒரு தரமாவது உட்காரச் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. "குழம்புல உப்பு தூக்கல்," என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை ஊற்றிக்கொண்டாள்.

உன் தங்கை,
வடிவு


கோவில்பட்டி
6-7-1969

அன்புள்ள வடிவுக்கு,

ஆசீர்வாதம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

உன் சித்திரைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நடந்தேன். ஆடி பிறக்கப் போகிறதே என்று போன வாரம் அத்தானிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இரண்டு நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை, "எட்டு வருஷம் நீ மட்டுமா இத மனசுல வெச்சிருந்த?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வெளியே போனவர் மத்தியானம் ஒரு ரயில் டிக்கெட்டோடு வந்தார். "தங்கச்சியப் போய்ப் பாத்துட்டு வா," என்றார். கோபம் தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. சாப்பிடுகிறார், அவ்வளவுதான் தெரியும்.

அத்தையிடம் சொல்லவில்லை. அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. பெட்டியைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. "நர்ஸுகிட்டக் காட்டத்தானே போற? நல்லதும்மா," என்றார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

"இல்ல அத்தை. எனக்கு ஒண்ணும் இல்ல. வடிவைப் பாக்கணும் போல இருக்கு," என்றேன்.

"அதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றார்கள்.

"அதுக்குத்தான்," என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் எழும்பூரில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வா. முனியம்மாவிடம் சொல்லி வை, எனக்கும் சீட்டு எழுத வேண்டாம் என்று.

உன் அக்கா,
ஆவுடை